பேஞ்சோ கற்பதால் யாருக்கு இழுக்கு?



"சான்றிதழ் தராத கலையைப் பிள்ளைகள் எதற்காகக் கற்க வேண்டும்?" என்னும் வினா அண்மைக் காலமாக என் செவியில் அடிக்கடி விழுகின்றது. கேட்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். அவர்களுள் ஆசிரியர்கள் உளர். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள் உளர். பிள்ளையை வாரத்தில் நான்கு நாள் டியூசனுக்கு ஏற்றி இறக்கும் கடமை தவறாத தாய்மாரும் உளர். ஒவ்வொருவரிடமும் நின்று மறுமொழி கூறுவதைவிட எழுதிவிடுவதே நன்று எனத் துணிந்தேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் கசக்கும், அதற்காக நான் வருந்தப் போவதில்லை.

செய்தி இதுதான். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவன் ஒருவன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் படிக்கின்றான். பெயர் வேண்டா. அவனுடைய பாட்டனும் பாட்டியும் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டபின் லகாட் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். சனிக்கிழமைதோறும் அவன் தாயார் தம் மோட்டார் சைக்கிளில் அவனை ஈப்போவுக்கு அழைத்துச் செல்கின்றார். அங்கே ஓய்வுபெற்ற சீன முதியவர் ஒருவர் தம் வீட்டு முன்கூடத்தில் அவனுக்குப் பேஞ்சோ கற்பிக்கின்றார். மாதம் 120 ரிங்கிட். கருவி அந்த முதியவருடையது; வீட்டில் பயில இரவலாகக் கொடுத்திருக்கின்றார். தேர்வு இல்லை, படி இல்லை, சான்றிதழ் இல்லை, ஆண்டு விழாவில் நினைவுக் கேடயமும் இல்லை.

இதைக் கேள்வியுற்ற நாள்முதல் சுற்றத்தார்க்கு உறக்கம் இல்லை. மாமன்மார் நகைத்தனர். "கௌபாய் படத்தில் வைக்கோல்மேல் உட்கார்ந்து வாசிப்பானே, அதுவா?" என்றார் ஒருவர். "குரங்காட்டி வாத்தியம்" என்றார் இன்னொருவர். அவரும் ஆசிரியர்தான்! அடுத்த ஆண்டு மூன்றாம் படிவம் வருகிறது. அந்த 120 ரிங்கிட்டைக் கணித டியூசனுக்குக் கட்டலாமே என்று அந்தத் தாயாருக்கு நாற்புறமும் அறிவுரை. அவர் என்னிடம் வந்து, "நிறுத்திடலாமா சார்?" என்று கேட்டார். "நிறுத்தாதீர்கள் அம்மா" என்றேன். அப்படிக் கூறியதற்கான காரணங்களைத்தான் இனி எழுதப் போகின்றேன்.

முதலில் இந்தக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். பார்த்திராதவர்கள், கஞ்சிராவுக்கு நீண்ட கழுத்து முளைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளலாம். வட்டச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், சுற்றிலும் தோலை முறுக்கேற்றும் கொக்கிகள், தோலின்மீது ஊன்றிய மரக்குதிரை, அதன்மேல் ஐந்து தந்திகள். முற்காலத்தில் மெய்யான விலங்குத்தோல். இக்காலத்தில் பெரும்பாலும் செயற்கைத் தோல். மழைக்காலத்தில் மெய்த்தோல் தளர்ந்துவிடும். நம் தோட்டங்களில் தப்பை வைக்கோல் தீயில் காட்டி விறைப்பேற்றியதைப் பார்த்தவர்களுக்கு இச்செய்தி புதிதாக இராது.

ஐந்தாம் தந்திதான் இதன் சிறப்பு. மற்ற நான்கும் கழுத்தின் உச்சியிலிருந்து புறப்பட, இஃது ஒன்று மட்டும் கழுத்தின் நடுவே, ஐந்தாம் கட்டை அருகில் தொடங்கும். குட்டைத் தந்தி. இதனை இடக்கை பெரும்பாலும் தொடுவதில்லை. வலக்கைப் பெருவிரல் இடையிடையே மீட்டிக்கொண்டே இருக்கும். அஃதாவது, பாட்டுக்குள்ளேயே ஒரு சுருதி ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமான சுருதிச்சேர்ப்பில் ஐந்து தந்திகளும் முறையே மேல் ஷட்ஜம், கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று நிற்கும். இதை எனக்குச் சொன்னவன் அந்த மாணவன். கோயில் தேவார வகுப்பில் நான்கு ஆண்டு அமர்ந்த பிள்ளை, முதல் நாளே, "அங்கிள், இது ச-க-ப தானே?" என்று கேட்டிருக்கின்றான். அந்தச் சீன முதியவருக்கு ச-க-ப தெரியாது. பாடிக் காட்டச் சொன்னாராம். இவன் பாடியிருக்கின்றான். அவர் தந்தியைத் தட்டிச் சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தாராம். சான்றிதழ் கேட்பவர்களே, நான்கு ஆண்டுத் தேவார வகுப்புக்கு இதைவிடச் சிறந்த தேர்வு எது?

சான்றிதழ்ப் பசியின் வரலாற்றை நாம் எல்லாரும் அறிவோம். யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் 'ஏ'க்களை எண்ணி நாளேட்டில் படம் போட்டோம். 2021இல் அத்தேர்வு ஒழிந்தது. 2022இல் பிடி3 தேர்வும் ஒழிந்தது. பிள்ளைகள் மூச்சு விடுவார்கள் என்று நான் எண்ணினேன். நடந்தது வேறு. எண்ணுவதற்கு 'ஏ' இல்லாமற்போன கைகள் வேறு தாள்களைத் தேடத் தொடங்கின. மனக்கணக்குச் சான்றிதழ், கையெழுத்துச் சான்றிதழ், ரோபோட்டிக் சான்றிதழ், கீபோர்டு கிரேடு. ஒரு பிள்ளையின் கோப்பைத் திறந்தால் ஐம்பது நெகிழி உறைகள். அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்தால் ஒரு பாட்டு வருவதில்லை.

இசைத் தேர்வுகளை நான் இகழவில்லை. 1889இல் இங்கிலாந்தில் தோன்றிய தேர்வு வாரியத்தின் எட்டுப் படிகளையும் ஏறி, மெய்யான இசைக்கலைஞர்களாய் விளங்குவோரை நான் அறிவேன். எனினும், அத்தேர்வை நம் வீடுகள் பயன்படுத்தும் முறை வேறு. ஓராண்டு முழுவதும் மூன்று நான்கு உருப்படிகளை மட்டுமே உருப்போட வைத்து, அடுத்த படிக்கு ஏற்றி, மீண்டும் மூன்று நான்கு உருப்படிகள். சென்ற ஆண்டு என் வகுப்பில் ஐந்தாம் படி தேர்ச்சி பெற்ற மாணவி இருந்தாள். வகுப்புத் தோழியின் பிறந்தநாளன்று, பள்ளிக் கீபோர்டில் வாழ்த்துப் பாட்டை வாசிக்கச் சொன்னேன். "நோட்ஸ் இல்லையே, டீச்சர் இன்னும் குடுக்கல சார்" என்றாள். ஐந்தாண்டு கட்டணம் கட்டியிருக்கின்றார்கள்! குழந்தையின்மீது குற்றம் இல்லை. அவளுக்குக் காது இருக்கிறது என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அந்த எட்டுப் படித் தேர்வுப் பட்டியலில் பேஞ்சோ இல்லை. உறுமியும் இல்லை. அதனால்தான் இரண்டுக்கும் நம்மிடையே மதிப்பில்லை போலும்.

பள்ளியில் கற்பிக்கலாமே என்பார்கள். கற்பிக்கத்தான் செய்கிறோம். தொடக்கப்பள்ளி இசைக்கல்விப் பாடத்தில் ரெக்கார்டர் என்னும் குழல் இடம்பெற்றுள்ளது. முப்பது பிள்ளைகள், முப்பது நெகிழிக் குழல்கள், அரைமணி நேரம். அடுத்த வகுப்பு ஆசிரியர் கதவைச் சாத்துவார்; அவர்மீது எனக்குச் சினம் இல்லை. முப்பது விரல் தவறுகளில் எந்தத் தவறு எந்தப் பிள்ளையுடையது என்று கண்டறிவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு கருவியை ஒரு பிள்ளையின் கைக்குக் கொண்டு சேர்ப்பதற்கு, அந்தக் கையை மட்டும் பார்க்கும் கண் ஒன்று வேண்டும். வகுப்பறையால் அதைத் தர இயலாது. இதை ஒப்புக்கொள்வதால் ஆசிரியத் தொழிலுக்கு ஒன்றும் குறைவில்லை.

ஒரு சனிக்கிழமை நானே ஈப்போ சென்று அந்தப் பாடத்தைப் பார்த்தேன். பேஞ்சோவை வாசிக்கும் பழைய முறையில் விரல் தந்தியை மேல்நோக்கிச் சுண்டுவதில்லை. கை ஒரு கொக்கி போல் வளைந்திருக்க, ஆள்காட்டி விரலின் நகம் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கும். அடித்த அந்த அசைவிலேயே பெருவிரல் குட்டைத் தந்தியில் சென்று அமர்ந்து, கை எழும்போது அதை விடுவிக்கும். எழுதினால் இரண்டு வரி. கைக்குப் பழக இரண்டு மாதம். முதல் மூன்று வாரம் பாட்டே கிடையாதாம். அந்த முதியவர் மாணவனின் மணிக்கட்டின்கீழ்த் தம் இரண்டு விரல்களை வைத்துக்கொள்கிறார். கை இறுகினால் உடனே, "லெம்புட்" என்கிறார். மெதுவாக, மென்மையாக. புதிய மெட்டு ஒன்றைத் தொடங்கும்போது, "டெங்ஙார் டூலு"; முதலில் கேள். தாள் எதுவும் தரவில்லை. அவர் நான்கு அடி வாசிக்கிறார். இவன் திரும்ப வாசிக்கிறான். பிழைத்தால் அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி வாசிக்கிறார். சீனர் ஒருவர் தமிழ்ப்பிள்ளை ஒருவனுக்கு மலாய்மொழியில் ஆப்பிரிக்க வம்சாவளிக் கருவியொன்றைக் கற்பிக்கின்றார். நல்லிணக்கத்தைப் பற்றி நாம் மேடை போட்டுப் பேசுவதெல்லாம் அந்த முன்கூடத்தில் ஓசையின்றி நடக்கிறது.

"இதெல்லாம் யூடியூப்பில் இலவசமாக இருக்கிறதே?" என்பது அடுத்த வினா. இருக்கிறது. நல்ல காணொளிகளும் இருக்கின்றன. காணொளிக்கு முன்னரே நூல் இருந்தது. அமெரிக்கப் பாடகர் பீட் சீகர், ஐந்து தந்திப் பேஞ்சோவைத் தாமே கற்றுக்கொள்ள விரும்புவோர்க்காக 1948இல் ஒரு கையேட்டைச் சுருளச்சில் அடித்து வெளியிட்டார். அதைக் கொண்டு கற்றவர்கள் மிகப் பலர். மறுக்கவில்லை. எனினும் சீகர் எப்படிக் கற்றார்? 1936இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த நாட்டுப்புற விழாவில் அக்கருவியைக் கேட்டு மயங்கி, பின்னர் ஊர் ஊராகச் சென்று வாசிப்பவர்களின் கையருகே அமர்ந்து கற்றார். காணொளி நமக்கு ஆசிரியரின் கையைக் காட்டும். நம் கையை அது பாராது. "லெம்புட்" என்று சொல்ல அதற்குத் தெரியாது.

இனி, நம் இனப்பற்றாளர்களின் வினாவுக்கு வருகின்றேன். "வீணை இருக்க, யாழின் வரலாறு இருக்க, அந்நியக் கருவி எதற்கு?" இதைக் கேட்ட அன்பர், நவராத்திரிக்குப் பிடில் கச்சேரி ஏற்பாடு செய்பவர்! பிடில் எங்கிருந்து வந்தது, ஐயா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் தனியாகப் பாடம் கேட்டு வயலின் கற்றார். அன்றும் யாரோ ஒருவர் அவரிடம், "பறங்கி வாத்தியம் எதற்கு?" என்று கேட்டிருக்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு அவர் செவிசாய்த்திருந்தால், இன்று கருநாடக இசை மேடையில் பாடகரின் பக்கத்து இடம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் அருகில் வருவோம். மாண்டலின் சீனிவாசை அறியாதார் இல்லை. 1969இல் ஆந்திரத்தின் பாலக்கொல்லு என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையாரின் மாண்டலினைச் சிறுவயதிலேயே கையில் எடுத்தார். மாண்டலின் இத்தாலியக் கருவி. மெல்லிசைக் குழுக்களில் உப்புக்கு ஊறுகாயாய் இருந்த கருவி. அதில் இராகம் வாசிக்க முடியும் என்று யார் நம்பினார்? செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவரான ருத்ரராஜு சுப்பராஜு என்பவர் நம்பினார். அந்தச் சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது என்பதுதான் இதில் வியப்பு. அவர் பாடுவார்; சிறுவன் கேட்டு அதனைத் தந்தியில் எடுப்பான். கமகம் வரவில்லையென்றால் மறுபடி பாடுவார். அவ்வளவே பாடமுறை. 1978இல் குடிவாடா தியாகராஜர் விழாவில் முதற்கச்சேரி. அப்போது வயது ஒன்பது. 1981இல் சென்னை இசைவிழா. 1998இல் பத்மஸ்ரீ. 2014இல், நாற்பத்தைந்தே வயதில் அவர் மறைந்தபோது, மாண்டலின் நம் கருவியாகிவிட்டிருந்தது. சுப்பராஜு அந்தச் சிறுவனுக்கு எத்தனையாம் கிரேடு சான்றிதழ் கொடுத்தார் என்று கேட்பீர்களோ?

(பேஞ்சோவுக்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று கண்டுபிடித்துவிட்டுத்தான் கற்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கருதுகின்றார். நானும் தனித்தமிழ் விரும்பிதான். பெயரை மெல்லச் சூட்டிக்கொள்ளலாம், பிள்ளை வளர்ந்துவிடுவான்.)

இதுவரை கூறியவை எல்லாம் பொதுவான வாதங்கள். வீணைக்கும் பொருந்தும், புல்லாங்குழலுக்கும் பொருந்தும். ஆனால், பேஞ்சோ கற்கும் ஒரு தோட்டத்துப் பேரப்பிள்ளையைப் பார்த்து நாம் நகைப்பதில் தனியானதோர் அறியாமை இருக்கிறது. ஏனெனில், பேஞ்சோ தோட்டத்தில் பிறந்த கருவி.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் வட அமெரிக்காவின் புகையிலைத் தோட்டங்களிலும், ஊரில் தாங்கள் அறிந்திருந்த தந்திக்கருவிகளின் நினைவைக் கொண்டு இதைச் செய்தனர். சுரைக்குடுக்கையைப் பாதியாய் அறுத்து, தோல் போர்த்தி, குச்சி செருகி, தந்தி கட்டினர். 1680களின் இறுதியில் ஜமைக்கா சென்ற மருத்துவர் ஹான்ஸ் சுலோன் அங்கே அடிமைகள் வாசித்த சுரைக்குடுக்கைக் கருவிகளைக் கண்டு, 1707இல் வெளிவந்த தம் நூலில் படத்தோடு பதிவு செய்தார். அமெரிக்காவின் மூன்றாம் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், தாமே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர், இக்கருவி ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொணர்ந்தது என்று எழுதினார். செனகாம்பியப் பகுதியின் ஜோலா மக்களிடையே இன்றும் வாசிக்கப்படும் அக்கோந்திங் என்னும் கருவியிலும் சுரைக்குடுக்கை உண்டு, குட்டைத் தந்தி உண்டு, நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் அதே கைமுறையும் உண்டு. நான் ஈப்போவில் பார்த்த கை அந்தக் கைதான்.

பிறகு நடந்ததைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். 1830களில் ஜோயல் சுவீனி என்னும் வெள்ளையர், வர்ஜீனியாவில் கறுப்பின மக்களிடமிருந்து பேஞ்சோ கற்று மேடை ஏறினார். 1840களில் முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் கறுப்பின மக்களைக் கோமாளிகளாக நடித்துக்காட்டும் கூத்துகள் அமெரிக்கா முழுவதும் பரவின. அந்தக் கேலிக்கூத்தின் அடையாளமாகவே பேஞ்சோ மாறியது. தம் பாட்டன் செய்த கருவியைக் கண்டால் பேரனுக்கே கூச்சம் வரும்படி செய்துவிட்டார்கள். கிதார் மலிவாய்க் கிடைக்கத் தொடங்கியது, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், நூறாண்டில் அக்கருவி வெள்ளை மலைவாழ் மக்களின் கருவி என்றே உலகம் நம்பியது. மாமன் சொன்ன 'கௌபாய் வாத்தியம்' அந்தப் பொய்யின் எச்சம்.

அடிமைமுறையும் நம் முன்னோர் வந்த ஒப்பந்த முறையும் கங்காணி முறையும் ஒன்றே என்று நான் கூறவில்லை. விற்று வாங்கப்பட்ட மனிதர்களின் துயரத்தோடு நம் துயரத்தைச் சமமாக வைப்பது நேர்மையாகாது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கங்காணி வழி ஆள்கொணர்தல் 1938இல் நின்றது. வேறு வரலாறு. ஆனால், லயத்து வீட்டின் முன் மாலையில் அமர்ந்து, கையில் அகப்பட்ட தோலையும் மரத்தையும் கொண்டு ஊரின் ஒலியைத் திரும்ப எழுப்பிய மனிதனை நமக்குத் தெரியும். அவன் நம் பாட்டன். அவன் கையில் இருந்தது தப்பும் உறுமியும்.

அவற்றை நாம் என்ன செய்தோம்?

தப்பைச் சாவு வீட்டுக்கு மட்டும் ஒதுக்கினோம். அதை அடித்தவரின் சாதியைச் சொல்லி அவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினோம். கடல் கடந்து வந்தும் அந்த அழுக்கு நம்மைவிட்டுப் போகவில்லை. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ அளித்தபோது, அச்செய்தியை நம் புலனக் குழுக்களில் பகிர்ந்து கைதட்டினோம். அதே வாரம், "பள்ளி விழாவில் தப்பு வேண்டாம் சார், பெற்றோர் ஒரு மாதிரி நினைப்பார்கள்" என்று என்னிடம் கூறியவர்களும் அந்தக் குழுவில் இருந்தவர்களே!

உறுமியின் கதை வேறு வகை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல், நம் நாட்டில் இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலை கோயில் வரை அந்த ஒலி இல்லாமல் காவடி நகராது. கூடவே குறைகூறல்களும் எழுந்தன. சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், பொருந்தாத ஆட்டம் ஆடுகிறார்கள், குண்டர் கும்பல் பெயரை உடையில் எழுதுகிறார்கள். இவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. நானும் கண்ணால் கண்டிருக்கின்றேன். ஆனால், அந்தப் பையன்களுக்கு உறுமி கற்பித்தவர் யார்? பலருக்கு எவரும் இல்லை. அண்ணன்மார் அடிப்பதைப் பார்த்தும் கைப்பேசியில் பார்த்தும் தாமே தட்டிக்கொண்டார்கள். எந்தத் தெய்வத்துக்கு எந்த அடி, எங்கே நிறுத்த வேண்டும், எப்போது வாசிக்கக் கூடாது என்று சொல்லித்தர மணிக்கட்டின்கீழ் விரல் வைத்த ஓர் ஆசான் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஏன் வாய்க்கவில்லை? அப்படியோர் ஆசானுக்கு நாம் ஒரு காசும் கட்டணமாகக் கொடுத்ததில்லை. கீபோர்டு ஆசிரியருக்கு மாதம் பிறந்தால் கையில் உறை. உறுமி ஆசானுக்கு விழா முடிந்தால் ஒரு பொட்டலம் சோறு. ஆசிரியரை ஒழித்துவிட்டு மாணவனிடம் ஒழுக்கம் தேடுகிறோம்.

அமெரிக்காவில் இந்தக் கதைக்கு ஒரு திருப்பம் நேர்ந்தது. 2005ஆம் ஆண்டு வட கரோலினாவின் பூன் நகரில், பேஞ்சோ வாசிக்கும் கறுப்பினக் கலைஞர்களும் ஆய்வாளர்களும் ஒன்றுகூடினர். அங்கே இளைஞர்கள் சிலர் ஜோ தாம்சன் என்னும் முதியவரைக் கண்டனர். அப்போது அவருக்கு வயது எண்பத்தாறு. குடும்ப வழியாக வந்த பழைய நடன இசையைப் பிடிலில் வாசித்துவந்தவர். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெல் அதே இசையைப் பேஞ்சோவில் வாசித்து மறைந்தவர். அந்த இளைஞர்கள் வாரந்தோறும் மெபன் ஊரில் இருந்த அவர் வீட்டுக்குச் சென்றனர். அவர் பிடில் எடுப்பார். இவர்கள் பேஞ்சோவோடு உடன் வாசிப்பார்கள். அதே மெட்டுகள், திரும்பத் திரும்ப. அவ்விளைஞருள் ஒருவரான ரியானன் கிடன்ஸ் இன்று உலகறிந்த பேஞ்சோ கலைஞர். அவர்கள் அமைத்த கரோலினா சாக்லெட் டிராப்ஸ் என்னும் குழு 2011இல் கிராமி விருது பெற்றது. 2023இல் கிடன்ஸ் மைக்கேல் ஏபெல்சுடன் இணைந்து படைத்த இசைநாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2024இல் பியான்சே பாடிப் பட்டிதொட்டியெங்கும் ஒலித்த பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் பேஞ்சோ கிடன்சுடையதே. ஜோ தாம்சன் 2012இல், தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். ஏழாண்டுகள். அந்த ஏழாண்டுகளுக்குள் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டாமல் இருந்திருந்தால் அந்த வாசிப்பு அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

விருதுகளைக் கூறியது உங்கள் பிள்ளைக்கும் விருது கிடைக்கும் என்று ஆசை காட்டுவதற்கன்று. என் மாணவன் பெரிய கலைஞனாவான் என்று எனக்குத் தோன்றவுமில்லை. நன்றாக வாசிக்கிறான், அவ்வளவே. இடக்கைச் சுண்டுவிரல் இன்னும் சோம்பலாக இருக்கிறது என்று அவன் ஆசிரியரே சொல்கின்றார். ஆனால், தொடக்கப்பள்ளியில் நான்கு வரி மனனம் செய்யச் சொன்னால் அழுத பிள்ளை, இப்போது ஒரு மெட்டை நாற்பது முறை கேட்டு, நாற்பத்தோராம் முறை தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கின்றான். கணித டியூசனுக்கு அந்த 120 ரிங்கிட்டைக் கட்டச் சொல்பவர்கள், கணித ஆசிரியரிடம் சென்று எந்த மாணவன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தாயார் இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவு அவருடையது, வீட்டுச் செலவின் பாரம் தாங்குபவர் அவர், நானல்லேன். ஆனால், முடிவெடுக்கும்போது அவர் செவியில் உறவினரின் நகைப்பொலி மட்டும் ஒலிக்கக் கூடாது. ஆகவே, வரும் ஆசிரியர் தின விழாவில் அவன் பேஞ்சோ வாசிக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். முன்னாள் மாணவன்தானே, விதி இடம் கொடுக்குமா என்று ஐயம் எழுப்புவோர் என்னிடம் நேரில் வரலாம்.

இன்னொன்று. நம் வட்டாரத்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கின்றார். தோட்டத்தில் தப்பும் உறுமியும் வாசித்தவர். கை இன்னும் தளரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பள்ளிக்கு அருகிலுள்ள மண்டபத்தில், எட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இசைந்துள்ளார். இரண்டிரண்டு பேராகத்தான் எடுப்பார்; மொத்தமாய் உட்கார வைத்தால் கை பார்க்க இயலாது என்கிறார். கட்டணம் மாதம் 40 ரிங்கிட். "காசு எதற்கு தம்பி" என்று மறுத்தவரை நான்தான் வற்புறுத்தி இசையவைத்தேன். பள்ளியில் அறிவித்தபோது பத்தொன்பது பிள்ளைகள் கை தூக்கினர். மறுநாள் பெற்றோர் ஒப்பம் இட்டுவந்த தாள்கள் இரண்டு.

இன்னும் ஆறு இடம் இருக்கிறது.